சென்னைப் புழுக்கத்தில் சுருட்டை முடியின் சுருள் கலையாமல் இருக்க என்ன செய்யலாம்?

கேள்வி: வேளச்சேரி வாசகி

அனைவருக்கும் வணக்கம். எனக்குப் பிறவியிலேயே சுருட்டை முடி. காதுக்கு மேலே அலை அலையாகவும், காதுக்குக் கீழே விரல் பருமனுக்குச் சுருள் சுருளாகவும் இருக்கும். நீளம் தோளுக்குக் கீழே ஒரு சாண் வரும். பள்ளி, கல்லூரிக் காலம் முழுவதும் எண்ணெய் வைத்து வழித்து வாரி இறுக்கிப் பின்னியே பழகிவிட்டதால், இந்த முடியை அதன் போக்கில் விட்டு அழகாக வைத்துக்கொள்ளும் முறை எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. இப்போது அலுவலகத்துக்கு முடியை விரித்துவிட்டுப் போக வேண்டும் என்று எனக்கு மிகுந்த ஆசை.

தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு கண்ணாடி முன் நிற்கும்போது ஒவ்வொரு சுருளும் தனித்தனியாக, அவ்வளவு அழகாகத் தெரிகிறது. மின்விசிறிக்கடியில் காய்ந்து முடிப்பதற்குள் அத்தனையும் பிரிந்து பரட்டையாகி, உச்சியில் பொடிமுடிகள் எழும்பி நிற்கின்றன. வாரத்தில் மூன்று முறை ஷாம்பு போடுகிறேன். தடித்த பூந்துண்டால் துவட்டி, காய்ந்த பிறகு வாரிக்கொள்கிறேன். எங்கள் குடியிருப்பில் ஆழ்துளைக் கிணற்று நீர்தான் வருகிறது, கோடையில் லாரித் தண்ணீரும் அதில் கலக்கும். குழாய் முனையில் எப்போதும் வெள்ளையாகப் படிவு கட்டியிருக்கும். அலுவலகத்துக்கு இருசக்கர வண்டியில் போவதால் தலைக்கவசமும் அணிந்தாக வேண்டும்.

வீட்டருகே உள்ள ஓர் அழகு நிலையத்தில் யோசனை கேட்டேன். முடியை நிரந்தரமாக நேராக்கிக்கொள்வதுதான் ஒரே வழி என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. சுருளைச் சுருளாகவே வைத்துக்கொள்ள வழி தெரிந்தவர்கள், இங்கே கடைகளில் கிடைக்கிற பொருள்களை வைத்தே செய்யக்கூடிய முறையாகச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

பதில்: மயிலாப்பூரிலிருந்து

தங்கைக்கு வணக்கம். எனக்கும் என் மகளுக்கும் உங்களுடையதைப் போன்ற முடிதான், எனவே இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஈரத்தில் நீங்கள் பார்க்கிற அந்தச் சுருள் உங்கள் முடிக்கு இயல்பாக உள்ளதுதான். காய்ந்தபின் அது பிரிந்துபோவதை முடியின் குறை என்று எண்ண வேண்டாம். முடி என்பது கெரட்டின் என்ற புரதம். அந்தப் புரத இழைகளைப் பிடித்து வைத்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் தண்ணீர் பட்டால் விடுபட்டு, காயும்போது முடி எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையிலேயே மறுபடியும் பிணைந்துகொள்கின்றன. ஆகவே, நனைந்த நேரத்திலிருந்து முற்றிலும் காயும் நேரம்வரை முடியை நீங்கள் எப்படி நடத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் சுருள் அமைகிறது. அந்த நேரத்தில் பூந்துண்டால் பரபரவென்று துவட்டுவதும், காய்ந்த பிறகு சீப்பை இழுப்பதும் சேர்ந்து நின்ற சுருள்களை ஒவ்வொரு மயிராகப் பிரித்துவிடுகின்றன. நேரான கோரைமுடிக்கு ஏற்ற பழக்கங்கள் அவை. சுருட்டை முடியைக் காய்ந்த நிலையில் வாரவே கூடாது.

ஷாம்புவை உச்சந்தலையில் மட்டும் தேய்த்தால் போதும். அலசும்போது வழிகிற நுரையே கீழ்ப்பகுதியைச் சுத்தப்படுத்திவிடும். வாரத்தில் இரண்டு முறைக்கு மேல் வேண்டாம். தலையில் சுரக்கும் எண்ணெய்ப் பசை வளைந்து வளைந்து செல்லும் முடியின் நுனிவரை போய்ச் சேருவதில்லை. அதனால்தான் சுருட்டை முடியின் நுனி எப்போதும் வறண்டு கிடக்கிறது, அதிகமாக ஷாம்பு போட்டால் இருக்கிற பசையும் போய்விடுகிறது. பிறகு கண்டிஷனரைத் தாராளமாக எடுத்து, காதுக்குக் கீழே நன்றாகப் பூசி, அந்த வழுவழுப்பு இருக்கும்போதே விரல்களாலோ அகலப்பல் சீப்பாலோ நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுங்கள். சிக்கெடுப்பதற்கு உகந்த நேரம் அது ஒன்றுதான்.

அடுத்த கட்டத்தில்தான் பெரும்பாலோர் தவறவிடுகிறார்கள். அலசி முடித்ததும் துண்டைத் தொடாதீர்கள். முடியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட இருக்கும்போதே, குளியலறையிலேயே, தலையைக் கவிழ்த்துக்கொண்டு ஜெல்லைப் பூச வேண்டும். ஒரு நெல்லிக்காய் அளவு எடுத்து இரண்டு உள்ளங்கைகளிலும் பரப்பி, ஒரு பகுதி முடியைக் கைகளுக்கிடையே வைத்து, கும்பிடும் நிலையில் மேலிருந்து கீழே வழித்துக்கொண்டே வாருங்கள். அப்படி எல்லாப் பக்கமும் பூசிய பிறகு, முடியின் நுனியை உள்ளங்கையில் ஏந்தி, தலையை நோக்கி மேலே கொண்டுபோய் மெதுவாகக் கசக்கிப் பிழியுங்கள். நீரும் ஜெல்லும் கலந்து 'சளக் சளக்' என்று ஒலி கேட்க வேண்டும். அந்த ஒலி வரவில்லையென்றால் முடியில் தண்ணீர் போதவில்லை என்று பொருள். ஒரு கை நீரை அள்ளித் தெளித்துக்கொண்டு மறுபடியும் கசக்குங்கள். சிறிது நேரத்தில் மயிரிழைகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரி திரியாகச் சேர்வதை நீங்களே பார்ப்பீர்கள். அந்தத் திரிகளைக் காயும்வரை கலைக்காமல் விட்டால் போதும்.

பூந்துண்டுக்குப் பதிலாக மெல்லிய ஈரிழைத் துண்டையோ பழைய பருத்திச் சட்டையையோ பயன்படுத்துங்கள். துவட்டக் கூடாது, துணியால் முடியை ஏந்தி அழுத்தி ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும். அதன் பிறகு முழுவதும் காயும்வரை கையை முடிக்கு அருகில் கொண்டுபோகாதீர்கள். காயக் காய ஜெல் இறுகி, முடி கஞ்சி போட்ட வேட்டியைப் போல மொடமொடவென்று ஆகும். பலர் அதைப் பார்த்துப் பயந்து அப்போதே அலசிவிடுகிறார்கள், ஆனால் அந்த மொடமொடப்புதான் சுருளைக் காக்கிற உறை. உள்முடிவரை ஈரமே இல்லாமல் காய்ந்ததும், உள்ளங்கையில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு, முன்பு போலவே கீழிருந்து மேலாகக் கசக்கிவிட்டால் உறை உடைந்து, மென்மையான சுருள் வெளிப்படும்.

ஜெல்லை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். நாட்டு மருந்துக் கடையில் ஆளி விதை கிடைக்கும். கால் கோப்பை விதைக்கு இரண்டு கோப்பைத் தண்ணீர் சேர்த்து, மிதமான தீயில் கிளறிக்கொண்டே இருந்தால் சில நிமிடங்களில் நுரைத்துவரும். கரண்டியைத் தூக்கினால் முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி இழை இழையாக இறங்கும் பதத்தில் அடுப்பை அணைத்து, சூடாக இருக்கும்போதே மெல்லிய வேட்டித் துணியில் வடிகட்ட வேண்டும். ஆறவிட்டால் விதையோடு சேர்ந்து கெட்டியாகி, என்ன பிழிந்தாலும் இறங்காது. குளிர்பதனப் பெட்டியில் ஒரு வாரம் இருக்கும். நம் ஊர் வெப்பத்தில் வெளியே வைத்தால் விரைவில் புளித்துப்போகும்.

பதில்: தாம்பரத்திலிருந்து, வேதியியல் ஆசிரியர்

மேலே எழுதியிருக்கும் சகோதரியின் முறை மிகச் சரியானது. ஆனால் குழாய் முனையில் வெள்ளைப் படிவு என்று கேள்வியில் ஒரு வரி வருகிறது. அதை யாரும் கடந்துபோய்விடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

அந்தப் படிவு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். கடின நீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும் நேர்மின்னூட்டம் கொண்டவை. முடியின் மேற்பரப்பு, அதிலும் வெயிலும் சாயமும் பட்ட முடியின் மேற்பரப்பு, எதிர்மின்னூட்டம் கொண்டது. அதனால் ஒவ்வொரு குளியலிலும் இந்த உப்புகள் முடியில் ஒட்டிக்கொண்டு, நாளடைவில் முடி சொரசொரப்பாகிறது. சொரசொரப்பான மயிர்கள் ஒன்றோடொன்று வழுக்கிச் சேர்ந்து திரியாவது கடினம். எவ்வளவு நல்ல ஜெல் போட்டாலும் பலன் பாதிதான் கிடைக்கும். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 10500, மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்றும், வேறு நீர் கிடைக்காதபோது 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் வரையறுக்கிறது. உங்கள் குடியிருப்புச் சங்கத்தில் கிணற்று நீரைப் பரிசோதித்த அறிக்கை இருந்தால் வாங்கிப் பாருங்கள். அறிக்கை இல்லையென்றாலும் எளிய சோதனை உண்டு: ஒரு பாட்டிலில் கிணற்று நீரும் இன்னொன்றில் மழைநீரும் எடுத்து, இரண்டிலும் சாதாரணக் குளியல் சோப்பைச் சிறிது சுரண்டிப் போட்டுக் குலுக்குங்கள். மழைநீரில் நுரை பொங்கும். கடின நீரில் நுரைக்குப் பதிலாகத் தயிர் திரிந்தாற்போல வெண்மையாக மிதக்கும்.

தீர்வு செலவு மிக்கதல்ல. முதல் அலசலுக்குக் கிணற்று நீரையே பயன்படுத்திக்கொண்டு, கடைசி அலசலுக்கு மட்டும் இரண்டு மூன்று லிட்டர் குடிநீர் வாரியத் தண்ணீரோ, ஆர்.ஓ. நீரோ, மாடியில் பிடித்த மழைநீரோ வைத்துக்கொள்ளுங்கள். 2003-ஆம் ஆண்டிலிருந்து தமிழ்நாட்டில் கட்டடங்களுக்கு மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டிருப்பதால், பல குடியிருப்புகளில் மாடிக் குழாயிலிருந்து நேராக ஒரு வாளி பிடிப்பது எளிது. முதல் மழையின் தூசு போன பிறகு பிடியுங்கள். மாதம் ஒருமுறையோ இருமுறையோ, உறையில் இ.டி.டி.ஏ. என்று முன்வரிசையில் குறிப்பிட்டிருக்கும் ஷாம்புவைப் போட்டால் ஏற்கெனவே படிந்த உப்பு கழன்றுவரும். நீரைக் கொதிக்க வைத்து ஆற்றினால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். கொதிக்க வைப்பது பைகார்பனேட்டால் வரும் தற்காலிகக் கடினத்தன்மையை மட்டுமே நீக்கும், சல்ஃபேட், குளோரைடு உப்புகளால் வருவது அப்படியே இருக்கும். குளியலறைக் குழாயில் மாட்டும் சிறு வடிகட்டிகளையும் இதற்காக வாங்க வேண்டாம். பெரும்பாலானவை குளோரினையும் மண்ணையும் ஓரளவு பிடிக்குமே தவிர, கடினத்தன்மையைக் குறைக்க மாட்டா.

பதில்: கோடம்பாக்கத்திலிருந்து, முடி திருத்தும் தொழிலில் இருப்பவர்

அம்மா, நேராக்கிக்கொள்ளச் சொன்னதை நீங்கள் ஏற்காதது மிக நல்ல முடிவு. நிரந்தரமாக நேராக்கும் மருந்து முடிக்குள் இருக்கும் டைசல்ஃபைடு பிணைப்புகளையே உடைத்து வேறு வடிவில் சேர்க்கிறது. மருந்து பட்ட நீளத்துக்குப் பழைய சுருள் திரும்பாது. வேரிலிருந்து புதிதாக வளர்வது சுருளாகத்தான் வரும், அதுவும் மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும் வேகத்தில். இரண்டு விதமான முடியோடு ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருக்கும். 'கெரட்டின் சிகிச்சை' என்று விற்கப்படுகிறவற்றுள் சில, சூடான இரும்பு படும்போது ஃபார்மால்டிஹைடு ஆவியை வெளியிடும்; உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. காற்றோட்டமில்லாத குளிர்சாதன அறையில் நாள் முழுவதும் அந்த ஆவியைச் சுவாசிக்கிற எங்கள் தொழிலாளர்களை நினைத்து நான் அந்த வேலையை எடுத்துக்கொள்வதே இல்லை.

மயிலாப்பூர் அம்மா சொன்ன ஆளி விதை ஜெல்லைப் பற்றி எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. தை, மாசியில் அது போதும். ஐப்பசி, கார்த்திகை மழையிலும், கடற்காற்று ஈரத்தைச் சுமந்துகொண்டு வருகிற கோடை மாலைகளிலும் அது தனியாக நிற்காது. காற்றிலுள்ள ஈரம் முடிக்குள் புகுந்து, நீங்கள் காய வைத்துப் பிணைத்த பிணைப்புகளை மறுபடியும் அவிழ்த்துவிடுகிறது. பரட்டை என்பது அதுதான். அந்த மாதங்களுக்கு, பொருள் பட்டியலில் பி.வி.பி. அல்லது பாலிகுவாட்டர்னியம் என்று இருக்கிற கடை ஜெல்லை வாங்குங்கள். அவை முடியின்மேல் மெல்லிய படலமாக நின்று சுருளைப் பிடித்து வைக்கும். பட்டியலின் முதல் நான்கைந்து பொருள்களுக்குள் கிளிசரின் இருந்தால், புழுக்க நாட்களில் அதைத் தவிர்த்துவிடுங்கள். கிளிசரின் ஈரத்தை இழுக்கும் பொருள். சென்னைக் காற்றில் இழுப்பதற்கு ஈரம் ஏராளமாக இருப்பதால் முடி உப்பிவிடும். வெளிநாட்டுக் காணொளிகளில் பாராட்டப்படுகிற பல பூச்சுகள் இங்கே பலிக்காததற்கு இது முக்கியமான காரணம்.

முடி வெட்டும் முறையும் சுருளைப் பாதிக்கும். சுருட்டை முடியை ஈரத்தில் இழுத்துப் பிடித்து வெட்டினால், காய்ந்ததும் ஒவ்வொரு சுருளும் ஒவ்வோர் அளவுக்கு மேலே ஏறி, கோணல்மாணலாகத் தெரியும். காய்ந்த நிலையில், சுருள் விழுகிற இடத்தைப் பார்த்து வெட்டச் சொல்லுங்கள். அடர்த்தியைக் குறைக்கிறேன் என்று பல்வைத்த கத்தரியை எடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது உள்ளே விட்டுவைக்கிற குட்டை மயிர்கள் வளர வளர நிமிர்ந்து, மேல்முடியைத் தூக்கிவிடும். உங்கள் உச்சியில் எழும்பி நிற்கும் பொடிமுடிகளுக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கேட்டவர்: வேளச்சேரி வாசகி

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஞாயிற்றுக்கிழமை மயிலாப்பூர் அக்கா சொன்னபடியே செய்து, கடைசியாகக் குடிநீர் கேனிலிருந்து எடுத்த தண்ணீரால் அலசினேன். பின்பக்கமும் காதோரமும் நான் இதுவரை பார்த்திராத அளவுக்குத் திரண்டு விழுந்த சுருள்களாக வந்திருக்கின்றன, சாயங்காலம்வரை கலையவில்லை. நெற்றிக்கு மேலே உள்ள மேல்முடி மட்டும் சுருளாமல் அலையாகவே நிற்கிறது. இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. எண்ணெய் வைக்காமல் விட்டால் முடி கொட்டிவிடும் என்று அம்மா மிகவும் வருந்துகிறார். ஷாம்புவுக்குப் பதிலாகச் சீயக்காய்தான் போட வேண்டும் என்கிறார். இந்த முறையோடு அவற்றைச் சேர்த்துக்கொள்ள முடியுமா?

பதில்: திருவல்லிக்கேணியிலிருந்து

அம்மாவின் கவலையை ஒதுக்கிவிட வேண்டாம் மகளே. எண்ணெய்க்கு இந்த முறையில் நல்ல இடம் இருக்கிறது, நேரம்தான் மாற வேண்டும். குளித்த பிறகு வைக்கிற எண்ணெய், ஜெல் முடியில் சமமாகப் பரவுவதற்குத் தடையாக இருக்கும். குளிப்பதற்கு முன்னால் வைக்கிற எண்ணெய் முடியைக் காக்கும். தேங்காய் எண்ணெயில் மிகுதியாக உள்ள லாரிக் அமிலம் முடிக்குள் ஊடுருவி, அலசும்போது புரதம் வெளியேறுவதைக் குறைக்கிறது என்று 2003-இல் மும்பையில் நடந்த ஓர் ஆய்வு காட்டியது. சூரியகாந்தி எண்ணெய்க்கும் கனிம எண்ணெய்க்கும் அந்தப் பலன் இல்லை என்றும் அது சொன்னது. ஆய்வு செய்தவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கிற நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஆயினும் நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் கண்ட அனுபவத்தோடு அது பொருந்துகிறது. ஆகவே, குளிப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்னால், காதுக்குக் கீழே நுனிவரை எண்ணெய் தடவி, தளர்வாக முடிந்துகொள்ளுங்கள். பொடுகு இருந்தால் உச்சந்தலையில் எண்ணெயைத் தேக்கி வைக்காதீர்கள். பொடுகோடு தொடர்புடைய பூஞ்சை எண்ணெய்ப் பசையைத்தான் உண்டு வளர்கிறது.

சீயக்காயைப் பொடியாகக் குழைத்துத் தேய்ப்பது சுருட்டை முடிக்கு ஆகாது. திப்பி சுருளுக்குள் மாட்டிக்கொண்டு, எவ்வளவு அலசினாலும் போகாமல், சிக்கை இரட்டிப்பாக்கும். காயை இரவே ஊறவைத்து, காலையில் கொதிக்கவைத்து, துணியில் வடிகட்டிய நீரை மட்டும் உச்சந்தலையில் விட்டுத் தேய்த்தால் அழுக்கு போகும், முடியும் உரசாது. கண்டிஷனருக்கு மாற்று வேண்டுமென்றால் செம்பருத்தி இலை இருக்கிறது. இரண்டு கை இலையைத் தண்ணீரில் கசக்கிக் கசக்கிப் பிழிந்தால் பச்சையாக வழுவழுவென்று தாளி இறங்கும். அதை வடிகட்டிப் பூசிக்கொண்டு சிக்கெடுத்துப் பாருங்கள், சீப்பு வழுக்கிக்கொண்டு போகும். அரைத்துப் பூசினால் இலைத்துணுக்கு ஒட்டும், எனவே கசக்குவதே நல்லது.

பதில்: மயிலாப்பூரிலிருந்து

படித்ததும் மிகவும் மகிழ்ச்சியாக இருந்தது. மேல்முடி எல்லோருக்கும் கொஞ்சம் அடம் பிடிக்கும். வெயிலும் சீப்பும் அதிகம் பட்ட முடி அது. ஜெல் பூசிய ஈரத்தில், அந்த இடத்தில் மட்டும் பென்சில் பருமனுக்கு மயிரை எடுத்து, அது இயல்பாக வளைகிற பக்கமாகவே ஆள்காட்டி விரலில் நுனிவரை சுற்றி, இழுக்காமல் உருவி விடுங்கள். ஏழெட்டுத் திரிகளுக்குச் செய்தால் போதும். வகிட்டையும் அப்போதே எடுத்துவிட வேண்டும், காய்ந்த பிறகு வகிட்டை மாற்றினால் அங்கேதான் முதலில் பறக்கத் தொடங்கும்.

மின்விசிறியை அதிவேகத்தில் வைத்தால் திரிகள் கலையும், மெதுவாக ஓடவிடுங்கள். அவசரமான காலையில் முடி உலர்த்தியில் டிஃப்யூசர் என்ற கிண்ணத்தை மாட்டி, குறைந்த சூட்டில், சுருள்களை அதற்குள் ஏந்தி அசைக்காமல் பிடிக்கலாம். இரவில் முடியை உச்சியில் திரட்டித் துணி வளையத்தால் தளர்வாகக் கட்டிக்கொண்டு, தலையணைமேல் பழைய பட்டுத்துணியை விரித்துப் படுத்தால் மறுநாளும் சுருள் நிற்கும். காலையில் கையை நனைத்து, கலைந்த திரிகளை மட்டும் கசக்கிவிடுங்கள், முழுத் தலையையும் நனைக்க வேண்டியதில்லை.

தலைக்கவசத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஈரத்தோடு மட்டும் அணியவே வேண்டாம். அமுங்கிய வடிவிலேயே முடி காய்ந்துவிடும், உச்சந்தலையும் புழுங்கி நாற்றமெடுக்கும். ஆகவே முதல் நாள் மாலையிலேயே தலைக்குக் குளித்துக் காயவைத்துவிடுங்கள். காலையில் ஜெல்லின் மொடமொடப்பை உடைக்காமல், மெல்லிய வழுவழுப்பான துணியைத் தலையில் சுற்றி அதன்மேல் கவசத்தை மாட்டிக்கொண்டு போய், அலுவலகத்தில் கழற்றிய பிறகு தலையைக் கவிழ்த்துக் கசக்கிவிடுங்கள். கழுத்துக்குக் கீழே தொங்கும் முடியைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டால் காற்றில் பறந்து சிக்காது.

உங்கள் முடி இப்போதுதான் பழகத் தொடங்கியிருக்கிறது. அடுத்த முறை குளிக்கும்போது ஜெல்லின் அளவை மேல்முடிக்குச் சற்றுக் கூட்டிப் பார்த்துவிட்டு, எப்படி வந்தது என்று அவசியம் எழுதுங்கள். கார்த்திகை மழைக்குள் உங்கள் முடிக்கு ஏற்ற கடை ஜெல்லையும் தேர்ந்தெடுத்துவிடலாம்.